தில்லியின் பழம்பெரும் அரண்

தலைநகர் ஒன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதற்கண் அதன் கோட்டைகளை எண்ணுவது வழக்கம். தில்லியைப் பற்றி எழுதியோரும் அவ்வாறே லால் கோட்டையும் சீரியையும் துக்ளகாபாத்தையும் ஷாஜகானாபாத்தையும் வரிசைப்படுத்தி, இஃது ஏழு நகரங்கள் எழுந்து மறைந்த மண் என்பர். அக்கோட்டைகளுள் பல இன்று இடிந்த சுவர்களாய் நிற்கின்றன. அவற்றைக் கட்டிய அரச மரபுகள் பெயரளவில் எஞ்சியுள்ளன. ஆனால், அவை யாவும் எழுவதற்கு முன்னரே நின்று, அவை யாவும் வீழ்ந்த பின்னரும் நின்று, இந்நகரைக் காத்துவரும் அரண் ஒன்று உண்டு. அதனைக் கட்டிய கொத்தன் இல்லை. அதற்குக் கல்வெட்டும் இல்லை. தில்லி மக்கள் 'ரிட்ஜ்' என்று வழங்கும் கற்குன்றத் தொடரே அவ்வரண்.

திருவள்ளுவர் அரண் என்னும் அதிகாரத்தில், மனிதர் கட்டும் மதிலைப் பேசுவதற்கு முன்பாகவே நீரையும் நிலத்தையும் மலையையும் காட்டையும் அரணாக எண்ணுகிறார். இயற்கை தந்த காவல் முந்தியது. மனிதன் தேடிக்கொண்ட காவல் பிந்தியது என்பது அவ்வரிசையால் விளங்கும். தில்லிக்கு இந்நான்கும் ஒருங்கே வாய்த்தன. கிழக்கே யமுனையாறு; மேற்கிலும் தெற்கிலும் குன்றம்; குன்றத்தின்மேல் காடு; இவற்றுக்கு இடையே பரந்த நிலம். இத்தகைய இடத்தை ஆயிரம் ஆண்டுகளாக அரசர் பலர் நாடி வந்ததில் வியப்பில்லை.

அவர்களைப் போலவே நாமும் இங்கு வந்து குடியேறியவர்கள். ஆதலின் இவ்வரணின் வரலாற்றை அறிவதும், அதற்கு நேர்ந்த கேட்டையும் அதனைக் காத்தவர்களின் முயற்சியையும் அறிவதும் நமக்குக் கடமையாகின்றன.

மலையும் அதன் தொழிலும்

ஆரவல்லி மலைத்தொடர் குஜராத்தில் தொடங்கி, ராஜஸ்தான், ஹரியானா ஆகிய நிலங்களின் ஊடாக ஏறத்தாழ 700 கிலோமீட்டர் வடகிழக்காக வந்து, தில்லியில் வசீராபாத்துக்கு அருகே யமுனைக் கரையில் முடிகிறது. உலகின் மிகப் பழைய மலைகளுள் இதுவும் ஒன்று. இமயம் எழத் தொடங்கி ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளே ஆயின. ஆரவல்லியின் பாறைகளோ நூறு கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. ஒரு காலத்தில் ஓங்கி நின்ற மலை, மழையாலும் காற்றாலும் தேய்ந்து தேய்ந்து, இன்று தாழ்ந்த கற்குன்றாய்க் காட்சி தருகிறது. தில்லி எல்லைக்குள் அதன் நீளம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர்.

முதுமையால் தாழ்ந்ததேயன்றி அது தன் தொழிலில் தாழவில்லை. தார்ப் பாலைவனத்தின் பக்கமிருந்து கோடையில் வீசும் 'லூ' என்னும் வெங்காற்றையும், 'ஆந்தி' என்னும் புழுதிப் புயலையும் தில்லிவாழ் தமிழர் யாவரும் அறிவர். குன்றின்மேல் நிற்கும் மரங்கள் அக்காற்றின் வேகத்தைத் தணித்துப் புழுதியைத் தம் இலைகளில் ஏற்கின்றன. வெடிப்புகள் நிறைந்த அதன் பாறை, பெய்யும் மழையை உள்வாங்கி நிலத்தடிக்கு அனுப்புகிறது. முற்காலத்தில் அதன் சரிவுகளிலிருந்து ஓடைகள் பல இறங்கி யமுனையைச் சேர்ந்தன. இன்று சாக்கடைகளாய்த் தோன்றும் வாய்க்கால்களுள் சில அவ்வோடைகளின் மாறிய உருவமே.

அதன் இயற்கைக் காடு செழுங்காடன்று, முட்காடு. தௌ என்னும் மரம் ஆரவல்லிப் பாறைகளையே பற்றி வளர்வது. அதனுடன் நாம் நன்கறிந்த மரங்களும் அங்கு உண்டு. இங்குள்ளோர் 'டாக்' என்பது நம் பலாசு. 'அமல்தாஸ்' என்பது நம் கொன்றை. 'ரோஞ்ஜ்' என்பது நம் வெள்வேல். 'பேர்' என்பது நம் இலந்தை. 'பீலூ' என்பது சங்கப் புலவர் அறிந்த உகாய் மரத்தின் இனம். மொழி வேறாயினும் மரம் ஒன்றே. இம்மரங்களின் நிழலில் மயிலும் கவுதாரியும் நரியும் முள்ளம்பன்றியும் கீரியும் நீலமானும் வாழ்ந்தன, இன்றும் வாழ்கின்றன. மலையும் காடும் தம் வளம் இழந்தால் அந்நிலமே பாலையாய்விடும் என்று நம் முன்னோர் நிலத்துக்கு இலக்கணம் கண்டனர். அவ்விலக்கணத்தைப் பாலைவனத்தின் அண்டையில் வாழும் தில்லி மக்களைவிட நன்கு உணரவல்லார் யார்?

அரசர்கள் கண்ட குன்றம்

தில்லியின் முதற் கோட்டையாகிய லால் கோட்டைத் தோமர குலத்தார் பதினோராம் நூற்றாண்டில் எழுப்பியபோது, இக்குன்றத் தொடரின் மேட்டையே தேர்ந்தனர். தெற்கே ஆரவல்லிச் சரிவில் உள்ள அனங்கபூர் அணையும் சூரஜ் குண்டம் என்னும் குளமும் தோமரர் காலத்தனவாகக் கருதப்படுகின்றன. குன்றிலிருந்து இறங்கும் மழைநீரைத் தேக்கி வாழ்ந்த அறிவை அவை காட்டுகின்றன. பின்னர் 1321-ஆம் ஆண்டில் கியாசுதீன் துக்ளக் தன் மாபெருங் கோட்டையைத் தென்பகுதிப் பாறைகளின்மீது எழுப்பத் தொடங்கினான். மலையின் கல்லே மதிலின் கல்லாயிற்று.

அவ்வழிவந்த பிரோஸ் ஷா துக்ளக், குன்றத்தை வேட்டைக் காடாகப் போற்றினான். பீர் காயிப், மால்ச்சா மகால், பூலி படியாரி மகால் முதலிய வேட்டை மாளிகைகள் அவன் காலத்தன என்பர். மீரட்டிலிருந்து அசோகர் தூண் ஒன்றைக் கொணர்ந்து வடகுன்றின்மேல் நாட்டியவனும் அவனே. உயிர்க்கொலை தவிர்க்குமாறு கல்லில் எழுதிவைத்த அசோகரின் தூண், வேட்டை மாளிகையின் முற்றத்தில் நின்றது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெடிவிபத்தால் உடைந்த அத்தூண், 1867-ஆம் ஆண்டில் மீண்டும் பொருத்தி நிறுத்தப்பட்டது. இன்றும் அதனை ஆங்கே காணலாம்.

அரசர் வேட்டையாடிய அக்காலத்தில் ஊர்மக்களும் அக்காட்டை நம்பியே வாழ்ந்தனர். குன்றின் அடிவாரத்து ஊர்களில் ஆயர்கள் ஆடு மாடு மேய்த்தனர், விறகு பொறுக்கினர், ஓடை நீரைத் தேக்கினர். மக்கள் தொகை சிறுத்திருந்த வரையில் காடும் கொடுத்தது, மக்களும் கொண்டனர். நகரம் பெருகப் பெருக, விறகுக்காகவும் மேய்ச்சலுக்காகவும் குன்றம் மொட்டையாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கண்டது பெரும்பாலும் வெறும் பாறையே.

ஆங்கிலேயர் காலம்

1857-ஆம் ஆண்டுப் பெரும் புரட்சியின்போது, சூன் திங்களில் ஆங்கிலேயப் படை வடகுன்றைக் கைப்பற்றி, அங்கிருந்தே தில்லியை முற்றுகையிட்டது. செப்டம்பரில் நகரம் வீழ்ந்தது. குன்று யார் கையில் இருந்ததோ அவர் கைக்கே நகரமும் போயிற்று. அரண் என்னும் சொல்லுக்கு இதனினும் தெளிவான உரை வேண்டுவதில்லை.

1911-ஆம் ஆண்டு திசம்பர் 12-ஆம் நாள், தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அறிவித்தார். குன்றத் தொடரின் கிளையாகிய ரைசினா மேட்டில் அரசு மாளிகை அமைந்தது. பாறை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. மால்ச்சா, ரைசினா முதலிய ஊர்களின் நிலம் கையகப்படுத்தப்பட்டது. அங்கு வாழ்ந்தோர் இடம்பெயர்ந்தனர். புதுத் தில்லி 1931-ஆம் ஆண்டு பிப்ரவரியில் முறையாகத் தொடங்கிவைக்கப்பட்டது. நம்மவருள் பலரும் அரசாங்க அலுவலகங்களைத் தொடர்ந்தே இங்கு வந்தனர். கரோல் பாகில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு இக்குன்றம் அண்டை வீட்டார் போன்றது.

புதிய நகரைத் திட்டமிட்டோர், மாளிகையின் பின்புறம் பசுமையான மேடு ஒன்று திரைபோல் நிற்கவேண்டும் என்று விரும்பினர். அதன் பயனாக 1913-ஆம் ஆண்டில் நடுக்குன்றின் 796 ஹெக்டேர் அளவான நிலம், காடுகள் சட்டத்தின்படி ஒதுக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் வடகுன்றும் அவ்வாறே ஆயிற்று. நோக்கம் அழகே ஆயினும், விளைவு காவலாய் அமைந்தது. இந்த அறிவிப்பு இல்லையாயின், நகரின் நெஞ்சில் இன்று ஒரு காடு நின்றிராது. அதே அறிவிப்பால் ஆயர்களின் மேய்ச்சல் உரிமை நின்றுபோயிற்று என்பதையும் வரலாறு எழுதுவோர் மறைத்தல் ஆகாது. ஒருவருக்கு நிழல் தந்த சட்டம் மற்றொருவருக்கு வேலியாயிற்று.

அயல் மரத்தின் கதை

பாறையை விரைவில் பசுமையாக்க விரும்பிய அதிகாரிகள் ஒரு மரத்தைத் தேர்ந்தனர். மெக்சிகோவும் தென்னமெரிக்காவும் அதன் பிறப்பிடம். நீர் வேண்டாது, ஆடு மாடு இலையைத் தின்னாது, வெட்டினாலும் தழைத்துவரும் அம்மரத்துக்கு இங்கு 'விலாயதி கீகர்' என்பது பெயர். நம்மவருக்கு அது புதிதன்று. நம் ஊர்க் கண்மாய்களை மூடிக் கிடக்கும் சீமைக் கருவேலமே அது. 1877-ஆம் ஆண்டளவில் அதன் விதை இந்தியாவுக்கு வந்தபோது, அந்நாள் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த கடப்பைப் பகுதியிலே முதலில் ஊன்றப்பெற்றது. பின்னர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தில்லிக் குன்றத்திலும் அது விதைக்கப்பட்டது.

குன்றம் பசுமையாயிற்று, ஆனால் காடு ஆகவில்லை. சீமைக் கருவேலம் தன் வேரை ஆழச் செலுத்தி நீரைத் தேடுவது. அதன் உதிர்ந்த இலை மக்கும்போது பிற விதைகள் முளைப்பதற்குத் தடை செய்வது. அதன் நெற்றைத் தின்ற விலங்குகளே அதன் விதையை எங்கும் பரப்புகின்றன. தௌவும் வெள்வேலும் பலாசும் ஒதுங்கின. அவற்றை நம்பிய பறவையும் பூச்சியும் குறைந்தன. தொலைவிலிருந்து நோக்குவோர்க்குப் பச்சை ஒன்றே தோன்றும். உள்ளே சென்று நோக்குவோர்க்கு வெறுமை தோன்றும்.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். வேற்று நிலத்திலிருந்து வந்தவராகிய நாம், வேற்று நிலத்து மரத்தைப் பழிப்பது தகுமோ என்பது அது. இவ்வையம் நியாயமானதே, இதற்கு விடை கூறாமல் மேற்செல்லுதல் ஆகாது. வெளியிலிருந்து வந்தது என்பது ஒரு குற்றமன்று. புளியமரம் ஆப்பிரிக்காவிலிருந்து என்றோ வந்து, நம் நாட்டுச் சாலைகளுக்கு நிழலும் நம் குழம்புக்குச் சுவையும் தந்தது. மிளகாய் அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியரால் வந்தது. இவற்றை அயல் என்று யாரும் ஒதுக்குவதில்லை. ஏனெனில், அவை வந்த இடத்தில் பிறவற்றுக்கும் இடம் விட்டு வாழ்ந்தன. சீமைக் கருவேலத்தின் குற்றம் அதன் பிறப்பன்று. தான் நின்ற இடத்தில் பிறிதொன்றை வாழவிடாமையே அதன் குற்றம். வந்தவரை அளக்கும் கோல் இதுவே. மரத்துக்கும் இதுவே, மாந்தர்க்கும் இதுவே.

தமிழகத்திலும் இம்மரத்தால் நேர்ந்த கேடு உணரப்பட்டு, 2017-ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதனை அகற்றுமாறு ஆணைகள் பிறப்பித்தது. 2022-ஆம் ஆண்டில் தமிழக அரசு அயல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கென ஒரு கொள்கையையே வெளியிட்டது. தில்லியும் இராமநாதபுரமும் ஒரே மரத்தால் ஒரே பாடம் கற்றன.

விடுதலைக்குப் பின்

1947-ஆம் ஆண்டுப் பிரிவினையால் வீடிழந்து வந்த இலட்சக்கணக்கான மக்களுக்குத் தில்லி இடம் தரவேண்டியிருந்தது. நகரம் மேற்கிலும் தெற்கிலும் விரிந்தது. சாலைகள் குன்றை ஊடறுத்தன. வானொலி நிலையம், படை அலுவலகம், குடியிருப்பு, பூங்கா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு நிலம் சென்றது. கேட்டவர் எவரும் முழுக் குன்றையும் கேட்டதில்லை. ஒவ்வொருவரும் கேட்டது ஒரு மூலையே. ஒவ்வொருவர் கூறிய காரணமும் தக்க காரணமே. எனினும் தக்க காரணங்கள் பல கூடியபோது, குன்றம் நான்கு துண்டுகளாயிற்று. வடகுன்று 87 ஹெக்டேர். நடுக்குன்று 864 ஹெக்டேர். மெஹ்ரோலியைச் சார்ந்த பகுதி 626 ஹெக்டேர். தென்குன்று 6,200 ஹெக்டேர்.

தென்குன்றில் வேறொரு கேடு நேர்ந்தது. பட்டி என்னும் ஊரைச் சுற்றிச் செம்மணல் தோண்டப்பட்டது. 'பதர்பூர் மணல்' என்று பெயர் பெற்ற அம்மணலைக் கொண்டே தலைநகரின் கட்டடங்கள் எழுந்தன. நம் வீட்டுச் சுவர்களிலும் அது கலந்திருக்கும். தோண்டிய பள்ளங்கள் நிலத்தடி நீரைத் தொடும் அளவுக்கு ஆழ்ந்தன. மலையே குடையப்பட்டு, அடிவாரம் புண்ணாயிற்று.

இந்நிலையிலும் குன்றத்தை அன்போடு நோக்கியவர் இல்லாமல் போகவில்லை. காந்தியடிகளின் நண்பரும் குவேக்கர் சமயத்தவருமாகிய ஹோரஸ் அலெக்சாண்டர் முதலியோரின் முயற்சியால் 1950-ஆம் ஆண்டில் தில்லிப் பறவை நோக்குவோர் சங்கம் தோன்றியது. உஷா கங்கூலி அம்மையார் தில்லிப் பகுதிப் பறவைகளைப் பற்றி எழுதிய நூல் 1975-ஆம் ஆண்டில் வெளிவந்தது. எதைக் காக்கவேண்டும் என்று அறிவதற்கு முன், அங்கு எது உள்ளது என்று அறியவேண்டும். அப்பணியை இவர்கள் செய்தனர்.

1979-ஆம் ஆண்டில் ஒரு திருப்பம் நேர்ந்தது. குன்றத்து மரங்கள் அழிவது கண்டு, கல்லூரி மாணவரும் பள்ளி மாணவரும் ஒன்றுகூடிக் கிளர்ந்தெழுந்தனர். பதவியோ பணமோ இல்லாத இளைஞர்கள் அவர்கள். அவர்தம் முயற்சியிலிருந்து பிறந்த அமைப்பே 'கல்பவிருட்சம்'. நகரத்தார் தம் அரணுக்காகத் தாமே காவல் நின்ற நிகழ்ச்சி இது. அரசர் காத்தது வேட்டைக்காக. ஆங்கிலேயர் காத்தது அழகுக்காக. இவ்விளைஞர் காத்ததோ குன்றத்துக்காகவே.

சட்டமும் காவலும்

மாணவர் தொடங்கிய முயற்சியைப் பிறரும் தொடர்ந்தனர். 1986-ஆம் ஆண்டில் அசோலாப் பகுதி வனவிலங்குப் புகலிடமாயிற்று. 1991-ஆம் ஆண்டில் மணல் தோண்டிய பட்டிப் பகுதியும் அதனுடன் சேர்ந்தது. 1990-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த தில்லிப் பெருந்திட்டம், குன்றத்தை மிகுந்த கவனத்தோடு காக்கவேண்டும் என்றும், உள்நாட்டு மரங்களையே அங்கு வளர்க்கவேண்டும் என்றும் வகுத்தது. 1993-ஆம் ஆண்டில் லவராஜ் குமார் தலைமையில் அமைந்த குழு குன்றத்தின் நிலையை ஆராய்ந்தது. 1994-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள், 7,777 ஹெக்டேர் நிலம் முழுவதையும் ஒதுக்கப்பட்ட காடாக்கும் முதல் அறிவிப்பு வெளிவந்தது. அவ்வாண்டிலேயே மரங்களைப் பாதுகாக்கும் சட்டமும் தில்லிக்கு வந்தது. எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணைகளின் வழியே, 1995-ஆம் ஆண்டில் குன்ற நிர்வாக வாரியம் அமைந்தது. வாரியத்தின் இசைவும் நீதிமன்றத்தின் அனுமதியும் இன்றிக் குன்றத்தைக் காடல்லாத பணிக்குப் பயன்படுத்தல் கூடாது என்பது முறையாயிற்று.

சட்டம் வந்ததனால் கவலை தீர்ந்தது என்று கொள்ளுதல் கூடாது. 1927-ஆம் ஆண்டுக் காடுகள் சட்டத்தில் முதல் அறிவிப்பு வேறு, முடிவான அறிவிப்பு வேறு. முதலாவது, 'இதனைக் காடாக்கக் கருதுகிறோம்' என்பது. அதன்பின் எல்லையை அளந்து, உரிமை கோருவோர் வழக்கைக் கேட்டு, இறுதி அறிவிப்பு வெளியிடல் வேண்டும். 1994-ஆம் ஆண்டின் அறிவிப்புக்குப் பின் கால் நூற்றாண்டு கழிந்தும், குன்றத்தின் பெரும்பகுதிக்கு இறுதி அறிவிப்பு வராதிருந்தது. எல்லைக்கல் நடாத நிலத்தில் ஆக்கிரமிப்பு நுழைவது எளிதன்றோ?

இரண்டு நிகழ்ச்சிகளைக் கூறுவோம். வசந்த குஞ்சுப் பகுதியில் குன்றத்தை ஒட்டிய நிலத்தில் பெரும் வணிக மாளிகைகள் எழுந்தன. எதிர்ப்பு வழக்காகி உச்ச நீதிமன்றத்தை அடைந்தபோது, கட்டடங்கள் பெரிதும் வளர்ந்துவிட்டன. 2006-ஆம் ஆண்டில் வந்த தீர்ப்பு அவற்றை இடிக்கச் சொல்லவில்லை. காலம் கடந்து வரும் காவல் காவலாகாது என்பதற்கு இது சான்று. மற்றொன்று அண்மையது. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில், தென்குன்றின் சத்பரிப் பகுதியில் சாலையை அகலமாக்குவதற்காக, உச்ச நீதிமன்றத்தின் அனுமதி பெறாமலே நூற்றுக்கணக்கான மரங்கள் வெட்டப்பட்டன. 2025-ஆம் ஆண்டு மே திங்களில் நீதிமன்றம் இதனை அவமதிப்பு எனத் தீர்ப்பளித்து, மரம் நட்டு ஈடுசெய்யவும் ஆணையிட்டது. தீர்ப்பு நேரியது, ஆயினும் தீர்ப்பினால் வெட்டுண்ட மரம் மீண்டும் நிமிர்வதில்லை.

மீண்ட காடு

கேட்டை மட்டும் கூறி முடிப்பது வரலாற்றுக்கு நீதி செய்வதாகாது. சிதைந்த காடு மீளும் என்பதற்கும் தில்லியே சான்று தந்துள்ளது.

மணல் தோண்டிப் புண்ணாகிய பட்டியில், 2000-ஆம் ஆண்டு முதல் பிரதேச ராணுவத்தின் சூழல் காப்புப் படையினர் மரம் நட்டு வளர்த்தனர். பழைய பள்ளங்களில் நீர் தங்கி ஏரிகள் போல் நிற்கின்றன. அங்குள்ள புகலிடத்தில் அண்மைக் காலத்தில் சிறுத்தைகளின் நடமாட்டம் தானியங்கி ஒளிப்படக் கருவிகளில் பதிவாகியுள்ளது. பெருநகரத்தின் எல்லைக்குள் சிறுத்தை வாழ்கிறது என்றால், அதற்கு இரையாகும் உயிர்களும் அவற்றுக்கு உணவாகும் புல்லும் செடியும் அங்கு உள்ளன என்பது பொருள்.

தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபு அவர்களின் வழிகாட்டலில், 2002-ஆம் ஆண்டில் வசீராபாத்துக்கு அருகே யமுனை உயிர்ப்பன்மைப் பூங்கா தொடங்கப்பெற்றது. அதனையடுத்து, கல்லும் மண்ணும் தோண்டி வெறுமையாகிக் கிடந்த வசந்த விகார்ப் பகுதியில், 692 ஏக்கர் அளவில் ஆரவல்லி உயிர்ப்பன்மைப் பூங்கா உருவாயிற்று. சீமைக் கருவேலத்தை ஒரே நாளில் வேரோடு பிடுங்கி எறிவதை அவர் விரும்பவில்லை. திடீரென வெறுமையாகும் பாறை மண்ணை மழை அரித்துச் சென்றுவிடும். ஆதலின் அதன் கிளைகளைக் கழித்து ஒளி புகச் செய்து, அடியில் உள்நாட்டு மரமும் கொடியும் புல்லும் நட்டு, அவை ஓங்கி வளர வளர அயல் மரம் தானே ஒதுங்கச் செய்வதே அவர் கண்ட வழி. போரிட்டு வெல்வதினும், வாழவைத்து வெல்லும் முறை இது. 2016-ஆம் ஆண்டின் இறுதியில் யமுனைப் பூங்காவில் ஒரு சிறுத்தை வந்து தங்கியது. பின்னர் அதனைப் பிடித்துச் சிவாலிக் மலைக் காட்டில் விட்டனர். அழையாமல் வந்த அவ்விருந்து, அங்கு உருவானது பூங்கா மட்டுமன்று, காடும் ஆகும் என்று சான்று கூறிச் சென்றது.

நம் பங்கு

அரண் காக்கும் கடமை அரசுக்கே உரியது என்று இருந்துவிடலாமோ? இவ்வரலாறு அவ்வாறு கூறவில்லை. இக்குன்றத்தைப் பகைவர் அழித்ததில்லை. இந்நகரின் தேவையே அழித்தது. அதனைப் பெரும் படை காத்ததுமில்லை. பறவையின் பெயரறிந்த சிலரும், மரத்துக்காக முன்வந்த மாணவர் சிலரும், வழக்குரைஞர் ஒருவரும், தாவர நூல் கற்ற ஆசிரியர் ஒருவரும் காத்தனர். ஆதலின் அழிவிலும் நமக்குப் பங்குண்டு. காவலிலும் நமக்குப் பங்குண்டு.

தமிழர் தில்லியில் தமக்கென ஒரு மலைக் கோயில் கண்டனர். ராமகிருஷ்ணபுரத்தில் பாறைக் குன்றின்மேல் உத்தர சுவாமிமலை எழுந்து, 1973-ஆம் ஆண்டில் குடமுழுக்கு நடைபெற்றது. குன்று இருக்கும் இடமெல்லாம் குமரன் இருக்கும் இடம் என்று போற்றுவது நம் மரபு. அவன் ஊர்தியாகிய மயில் இக்குன்றக் காடுகளில் இயல்பாக உலவும் பறவை. குமரனை வணங்கிக் குன்றை மறத்தல் முறையாகுமா?

பெருஞ்செயல் எதனையும் நாம் இங்குக் கேட்கவில்லை. நம் பிள்ளைகளைப் பங்குனியில் பலாசு பூக்கும்போதும், கோடையில் கொன்றை பூக்கும்போதும் குன்றத்துக்கு அழைத்துச் செல்வோம். அம்மரங்களின் பெயரை இருமொழியிலும் சொல்லித் தருவோம். குன்றத்துச் சாலையோரம் குரங்குகளுக்கு உணவு எறிவதைப் புண்ணியம் எனக் கருதாதிருப்போம். அஃது அவற்றைக் காட்டினின்று பிரித்துத் தெருவுக்குக் கொணரும் செயல். இடித்த கட்டடக் குப்பையைக் குன்றோரம் கொட்டுவோரைக் கண்டால் வாளா இராது உரியவர்க்குத் தெரிவிப்போம். கோயில், பள்ளி, குடியிருப்பு ஆகியவற்றில் மரம் நடும்போது இம்மண்ணுக்குரிய மரத்தையே நடுவோம். அனைத்துக்கும் மேலாக, 'ஒரு மூலை நிலந்தானே' என்று எவரேனும் கேட்கும்போது, முன்னர்க் கேட்கப்பட்ட மூலைகள் எத்தனை என்று நினைவூட்டுவோம்.

வந்தவரை அளக்கும் கோல் ஒன்றை மேலே கூறினோம். தான் நின்ற இடத்தில் பிறவும் வாழ இடம் விட்டு நிற்பதே அது. தில்லி நமக்குத் தொழில் தந்தது, வீடு தந்தது, சங்கம் அமைத்துத் தமிழ் வளர்க்க இடமும் தந்தது. இந்நகரை நூறு தலைமுறைகளாகக் காத்துவரும் அரணுக்கு நாமும் காவலராய் நின்றால், வந்தேறிகள் என்னும் பெயர் நீங்கி, இம்மண்ணுக்கு உரியவர் என்னும் பெயர் நமக்கு நிலைக்கும்.